இடம் மாற மறுத்தவர்: வொரன் மூனும் கனடாவும்

விளையாட்டுச் செய்திகளைக் கடைசிப் பக்கத்துச் செய்திகளாகவே கருதுவது எம்மவரிற் பலரது வழக்கம். வீட்டிலே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்த பெருத்த உருவங்கள் ஒன்றோடொன்று மோதி விழுவதைக் கண்டு ஆரவாரிக்கும்போது, 'இதுவும் ஒரு விளையாட்டா?' என்று முணுமுணுத்தபடி நாம் அப்பாற் செல்கின்றோம். ஆயினும் ஒரு நாட்டின் சமூக வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் விளையாட்டு மைதானங்களையும் பார்த்தல் வேண்டும். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது, உள்ளே விட்டவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது, எந்த வேலைக்கு அவர் தகுதியற்றவர் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது ஆகிய கேள்விகள் யாவும் அங்கே பலர் பார்த்திருக்க விடைபெறுகின்றன.

அமெரிக்காவிற் பிறந்து, கனடாவில் உயர்ந்து, மீண்டும் அமெரிக்கா சென்று புகழ்பெற்று, இறுதியில் வானொலி வர்ணனையாளராகப் பணியாற்றிய வொரன் மூன் என்பவரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்கின்றோம். அவர் அகதியல்லர். போரினாலோ பட்டினியினாலோ துரத்தப்பட்டவரும் அல்லர். ஆனால் தான் கற்ற தொழிலைச் செய்வதற்குத் தன் நாட்டில் இடமின்றி எல்லை கடந்து வந்தவர். அந்த ஒரு காரணத்தினாலேயே அவரது கதை எமக்கும் உரியதாகின்றது.

ஆட்டமும் அதன் மூளையும்

இந்நாட்டிலும் அமெரிக்காவிலும் 'ஃபுட்போல்' எனப்படுவது நாம் ஊரில் ஆடிய உதைபந்தாட்டமன்று. கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலைகளுக்கிடையே நடைபெறும் றகர் ஆட்டத்திற்கே அது நெருங்கிய உறவு. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி எதிரணியின் எல்லைக்குள் கொண்டு செல்வதே நோக்கம். கனடிய ஆட்டத்திற்கும் அமெரிக்க ஆட்டத்திற்கும் இடையிற் சில வேறுபாடுகள் உண்டு. வொரன் மூன் ஆடிய காலத்திற் கனடிய மைதானம் 110 யார் நீளமும் 65 யார் அகலமும் கொண்டது. அமெரிக்க மைதானம் 100 யார் நீளமும் ஏறத்தாழ 53 யார் அகலமும் கொண்டது. கனடாவில் அணிக்குப் பன்னிருவர், அமெரிக்காவிற் பதினொருவர். பந்தைப் பத்து யார் முன்னகர்த்துவதற்குக் கனடாவில் மூன்று வாய்ப்புகள், அமெரிக்காவில் நான்கு. அகன்ற மைதானமும் குறைந்த வாய்ப்பும் இருந்தமையாற் கனடிய ஆட்டத்திற் பந்தைத் தூர எறிபவருக்கு முக்கியத்துவம் அதிகம்.

அவ்வாறு எறிபவரே 'குவாற்றர்பாக்' என அழைக்கப்படுகின்றார். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது அவர் கையிலேதான். அடுத்த கணம் என்ன நிகழவேண்டும் என்பதை அவரே தன் அணியினருக்குக் கூறுகின்றார். எதிரணியினர் நிற்கும் நிலையைப் பார்த்து, முன்னர் இட்ட திட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றும் அதிகாரமும் அவருக்கு உண்டு. மற்றவர்கள் ஓடுவர், மோதுவர், பிடிப்பர். சிந்திப்பவர் இவர் என்பதே பொது எண்ணம்.

இங்கேதான் நிறம் குறுக்கே வந்தது. கறுப்பினத்தவர் வேகமாக ஓடுவர், உயரப் பாய்வர், வலிமையாக மோதுவர். ஆனால் ஓர் அணியை வழிநடத்தும் அறிவும் நிதானமும் அவர்களிடம் இல்லை என்ற எண்ணம் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1934 முதல் 1945 வரை அமெரிக்கத் தேசியக் கூட்டமைப்பிற் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரேனும் இருக்கவில்லை. 1946 இற் கதவு திறந்தது. திறந்த பின்னரும் குவாற்றர்பாக் என்ற அந்த ஓரிடம் மூடியே கிடந்தது எனலாம். 1968 இல் மார்லின் பிறிஸ்கோ என்பவர் டென்வர் அணிக்காக அவ்விடத்தில் ஆடினார். புதியவராக வந்த அந்த ஓராண்டிலேயே புள்ளி பெறும் எறிகள் பதினான்கினை எறிந்தார். மறு ஆண்டு அந்த அணியில் அவருக்கு அவ்விடம் இல்லை. பவலோ அணிக்குச் சென்று, பிறர் எறியும் பந்தைப் பிடிப்பவராக மாறியே அவர் பிழைக்க நேர்ந்தது.

முன்னர் வந்தவர்கள்

வொரன் மூனுக்கு முன்னரே இவ்வழியாற் கனடா வந்தோர் பலர். 1946 இல் ஹேர்ப் ட்ராவிக் மொன்றியல் அணியில் ஆடத் தொடங்கினார். கனடியத் தொழில்முறை ஆட்டத்தின் முதற் கறுப்பின ஆட்டக்காரர் அவரே என்பர். 1951 இற் பேர்னி கஸ்ரிஸ் என்பவரை அமெரிக்காவின் கிளீவ்லன்ட் அணி தெரிவு செய்தது. ஆயின் குவாற்றர்பாக்காக அன்று, தற்காப்பு ஆட்டக்காரராக. அவர் அதை ஏற்காது ஹமில்ரனுக்கு வந்து, அவ்வாண்டே அந்த அணியின் குவாற்றர்பாக்காக ஆடினார். கனடாவும் முற்றிலும் மாசற்றதாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஹமில்ரன் அணி அவரை வேறிடத்திற்கு மாற்றிவிட்டது. ஆயினும் அவர் இந்நாட்டை விட்டுப் போகவில்லை. ஹமில்ரனில் ஆசிரியராகி, அதிபராகவும் உயர்ந்து, பலரது மதிப்பையும் பெற்று 2017 இல் மறைந்தார். 2019 இல் அந்நகரில் அவர் பெயரால் ஓர் இடைநிலைப் பாடசாலை திறக்கப்பட்டது.

ஜோனி பிறைற் என்பவரின் கதை இன்னும் கொடியது. 1951 ஒக்ரோபரில் ஒக்லஹோமாவில் நடைபெற்ற பல்கலைக்கழக ஆட்டமொன்றில், பந்து அவர் கையில் இல்லாதபோதே எதிரணியின் வெள்ளையின ஆட்டக்காரர் ஒருவர் அவரது தாடையை அடித்து உடைத்தார். அதனைக் காட்டிய தொடர்ப்படங்களுக்கு மறு ஆண்டு புலிற்சர் பரிசு கிடைத்தது. பிலடெல்பியா அணி அவரை முதற் சுற்றிலேயே தெரிவு செய்தும், அங்கு தான் எவ்வாறு நடத்தப்படுவேன் என்ற ஐயத்தினால் அவர் கல்கரிக்கு வந்தார். பின்னர் எட்மன்ரனில் 1964 வரை ஆடினார். அவரும் ஆசிரியராகிப் பின் அதிபரானவர். இவ்விருவரும் இறுதியில் வகுப்பறையைத் தேர்ந்தமை ஆசிரியத் தொழிலில் இருந்த எமக்குத் தனி மகிழ்ச்சி தருகின்றது.

1972 இற் சக் ஈலி வந்தார். ஒஹாயோவின் ரொலீடோ பல்கலைக்கழக அணிக்கு மூன்றாண்டுகள் தலைமை தாங்கி, 35 ஆட்டங்களில் 35 இலும் வென்றவர் அவர். குவாற்றர்பாக்காக அன்றி வேறெங்கும் ஆடமாட்டேன் என்று அறிவித்தார். அமெரிக்காவில் ஓர் அணியும் அவரைத் தெரியவில்லை. ஹமில்ரன் அணிக்கு வந்த முதலாண்டிலேயே அவர் கிறே கிண்ணத்தை வென்று கொடுத்தார்.

தாயின் வீடு

வொரன் மூன் 1956 நவம்பர் 18 ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். தாதியாகப் பணியாற்றிய தாயார் அவரையும் அவரது ஆறு சகோதரிகளையும் வளர்த்தார். வீட்டில் ஒரேயொரு ஆண்பிள்ளை. சமைக்கவும், தைக்கவும், உடுப்பு மினுக்கவும் அவர் அங்கே கற்றுக்கொண்டார். குடும்பத்திற்கு உதவ வேலை செய்யவேண்டியிருந்தமையால், பாடசாலையில் ஒரேயொரு விளையாட்டையே தெரிவு செய்ய முடிந்தது. தகப்பனில்லாக் குடும்பத்தைத் தாய் தனித்துத் தாங்குவது என்னவென்பதை எம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உயர்நிலைப் பாடசாலையிற் சிறந்த குவாற்றர்பாக்காக விளங்கியும், பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை வேறிடத்தில் ஆடச் சொல்லின. அவர் மறுத்து, 1974 இல் ஊரிலிருந்த ஈராண்டுக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சியாற்றிலிலுள்ள வொஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் டொன் ஜேம்ஸ் அவருக்கு அவ்விடத்தைக் கொடுத்தார். தொடக்கத்தில் அணி தோற்றபோது சொந்த மைதானத்து மக்களே அவரைக் கூவி இகழ்ந்தனர். பயிற்றுநர் அசையவில்லை; ஆட்டக்காரரும் அசையவில்லை. 1978 சனவரி 2 ஆந் திகதி நடைபெற்ற புகழ்பெற்ற றோஸ் போல் ஆட்டத்தில் வொஷிங்ரன் அணி மிச்சிகன் அணியை 27 இற்கு 20 என வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் வொரன் மூன்.

இத்தகைய ஒருவரைத் தொழில்முறை அணிகள் போட்டியிட்டு அழைத்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க அணிகளிடமிருந்து அவருக்கு எட்டியது பழைய அறிவுரையேயாகும்: 'இடத்தை மாற்று, வேறு பணி தருகின்றோம்.' தன் திறமையில் ஐயமில்லாத அவர், அணிகள் புதியவரைத் தெரிவு செய்யும் நாளுக்குச் சில கிழமைகள் முன்னரே எட்மன்ரனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வாண்டுத் தெரிவிற் பன்னிரண்டு சுற்றுகளில் 334 பேரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவற்றுள் அவர் பெயர் இல்லை. அதே தெரிவின் முதற் சுற்றில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவாற்றர்பாக் ஒருவரைத் தம்பா பே அணி எடுத்தது என்பதையும் நேர்மையின் பொருட்டுக் குறிப்பிடல் வேண்டும். கதவு முற்றாக அடைபட்டிருக்கவில்லை; ஒருவர் நுழையுமளவு நீக்கல் விடப்பட்டிருந்தது. மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியிருந்தது.

எட்மன்ரனில் ஆறாண்டுகள்

அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்ரன் நகரின் குளிரைப் பற்றி இந்நாட்டில் வாழும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவிலே பிறந்த இளைஞருக்கு அது எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அணி அப்போது எஸ்கிமோஸ் என்ற பெயரால் அழைக்கப்பட்டது. வட துருவத்துப் பூர்வகுடி மக்களை இழிவுபடுத்தும் பெயர் அது என்ற கண்டனம் வலுத்து, 2020 இல் அப்பெயர் கைவிடப்பட்டு, 2021 இல் எல்க்ஸ் என மாற்றப்பட்டது. ஓரினத்தின் இளைஞருக்கு இடமளித்த அணி இன்னோர் இனத்தின் மனத்தைப் புண்படுத்தும் பெயரைச் சுமந்திருந்தமை, நன்மையும் தீமையும் ஒரே கூரையின் கீழ் வாழக்கூடியவை என்பதையே காட்டுகின்றது.

பயிற்றுநர் ஹியூ கம்பெல் புதியவரை அவசரப்படுத்தவில்லை. முன்னர் ரொறன்ரோ ஆர்கனோட்ஸ் அணியிலும் ஆடியவரான ரொம் வில்கின்சன் என்ற மூத்த குவாற்றர்பாக் அங்கு இருந்தார். வெள்ளையினத்தவரான அவரும் மூனும் தொடக்கத்தில் அப்பணியைப் பகிர்ந்துகொண்டனர். மூத்தவரிடம் இளையவர் கற்றார். 1978, 1979, 1980, 1981, 1982 என ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக எட்மன்ரன் கிறே கிண்ணத்தை வென்றது. அக்கிண்ணத்தின் வரலாற்றில் வேறெந்த அணியும் ஐந்து முறை தொடர்ந்து வென்றதில்லை.

இவற்றுள் 1981 ஆம் ஆண்டு ஆட்டம் நினைவிற்குரியது. மொன்றியலில் நடைபெற்ற அவ்வாட்டத்தில், அவ்வாண்டு முழுவதும் தோல்விகளையே மிகுதியாகக் கண்டிருந்த ஒட்டாவா அணி இடைவேளையின்போது 20 இற்கு 1 என முன்னணியில் நின்றது. தடுமாறிய மூனை வெளியே அழைத்து வில்கின்சனை உள்ளே அனுப்பினார் பயிற்றுநர். இடைவேளையின் பின் மூன் மீண்டும் களமிறங்கினார். இரண்டு முறை தானே பந்துடன் எல்லையைக் கடந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் எட்மன்ரன் 26 இற்கு 23 என வென்றது. வில்கின்சன் அவ்வாண்டுடன் ஓய்வு பெற, பொறுப்பு முழுவதும் மூனிடம் வந்தது. 1982 இல் அவர் எறிந்து முன்னகர்த்திய தூரம் 5,000 யார். கனடிய ஆட்டத்தில் அதுவரை எவரும் ஒரே ஆண்டில் எட்டாத அளவு அது. மறு ஆண்டு அதனையும் கடந்து 5,648 யார் எறிந்து, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார்.

ரொறன்ரோவில் ஒரு மழை நாள்

இவ்வரலாற்றில் எமது நகருக்கும் ஒரு பங்குண்டு. மூன் வென்ற ஐந்து கிறே கிண்ணங்களுள் 1978, 1980, 1982 ஆகிய மூன்றும் ரொறன்ரோவின் எக்சிபிஷன் மைதானத்திலேயே வெல்லப்பட்டன. ஏரிக்கரையில், கோடைகாலக் கண்காட்சி நடைபெறும் வளவில் இருந்த அம்மைதானம் 1999 இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்திலேயே 2007 இற் புதிய மைதானம் திறக்கப்பட்டது.

1982 நவம்பர் 28 ஆந் திகதி அங்கு நடைபெற்ற ஆட்டத்தில் எட்மன்ரனை எதிர்த்து நின்றது ரொறன்ரோ ஆர்கனோட்ஸ் அணியே. அந்த அணி 1952 இற்குப் பின் கிண்ணத்தைக் கண்டதில்லை. கொட்டும் குளிர்மழையில் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்தனர். தொடக்கத்திலேயே ரொறன்ரோவின் குவாற்றர்பாக் எறிந்த பந்து 84 யார் கடந்து புள்ளியாயிற்று. மைதானம் அதிர்ந்தது. ஆனால் மழையைப் பொருட்படுத்தாது எறிந்த மூனின் முன் ரொறன்ரோவாற் கடைசிவரை நிற்க முடியவில்லை. முடிவு 32 இற்கு 16. நனைந்த மக்களின் சினமே கூரையுள்ள மைதானம் வேண்டும் என்ற குரலுக்கு வலுச்சேர்த்தது. 1989 இல் ஸ்கைடோம் திறக்கப்பட்டமைக்கு அந்த மழை நாளும் ஒரு காரணம்.

அன்று பலரும் பெரிதாகக் கவனிக்காத ஒன்றுண்டு. ரொறன்ரோவின் குவாற்றர்பாக்கான கொன்ட்றெஜ் ஹொலவேயும் கறுப்பினத்தவரே. அமெரிக்காவின் தென்பகுதிப் பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் அவ்விடத்தில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அவர். அவரையும் அமெரிக்கத் தொழில்முறை அணி தற்காப்பு ஆட்டக்காரராகவே விரும்பியது. அவரும் மறுத்துக் கனடா வந்தார். அதற்கு முதலாண்டு மொன்றியலில் மூனை எதிர்த்த ஒட்டாவாவின் ஜே. சி. வாட்ஸ் என்பவரும் கறுப்பினத்தவரே. பின்னாளில் அவர் அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினரானார்.

நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்தில், இரு பக்கத்தும் கறுப்பினத்தவர் தலைமை தாங்கும் காட்சியை 1981 இல் மொன்றியலும் 1982 இல் ரொறன்ரோவும் கண்டன. அமெரிக்காவின் இறுதி ஆட்டமாகிய சூப்பர் போலில் அத்தகைய காட்சி முதன்முதலாக நிகழ்ந்தது 2023 பெப்ரவரியிலாகும். இடையிலே கழிந்தவை நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பதாண்டுகளிற் கறுப்பின இளைஞரின் மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. பார்ப்பவரின் கண்ணே மெல்லத் திறந்தது.

மீண்டும் பிறந்த நாட்டில்

1978 இல் எவரும் கேட்காத மனிதரை 1984 இற் பல அமெரிக்க அணிகள் போட்டியிட்டுக் கேட்டன. அவர் ஹூஸ்ரன் அணியைத் தெரிந்தார். எட்மன்ரனில் அவரை வளர்த்த ஹியூ கம்பெல் அங்கே பயிற்றுநராகியிருந்தார். முதலிரு ஆண்டுகளும் அந்த அணி தோல்வியிலேயே கிடந்தது. பின்னர் 1987 முதல் 1993 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 1990 டிசெம்பரில் கன்சாஸ் நகர அணிக்கெதிராக ஒரே ஆட்டத்தில் 527 யார் எறிந்தார். ஹூஸ்ரனின் பின் மினசோட்டா, சியாற்றில், கன்சாஸ் நகர் ஆகிய அணிகளில் ஆடி, நாற்பத்து நான்கு வயதில், 2000 ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓய்வு பெற்றார். அமெரிக்காவில் அவர் எறிந்த மொத்தத் தூரம் 49,325 யார். கனடாவில் 21,228 யார்.

வெற்றிகளை மட்டும் எழுதுவது வரலாறாகாது. 1993 சனவரி 3 ஆந் திகதி பவலோவில் நடைபெற்ற ஆட்டத்தில் ஹூஸ்ரன் அணி 35 இற்கு 3 என முன்னணியில் இருந்தும், இறுதியில் 41 இற்கு 38 எனத் தோற்றது. முன்னணியில் நின்று இத்துணை பெரிய வேறுபாட்டை இழந்த அணி அதுவரை இருந்ததில்லை. சூப்பர் போல் ஆட்டத்தில் ஆடும் பேறு அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை. தனிவாழ்விலும் நிழல்கள் உண்டு. 1995 இல் மனைவியைத் தாக்கினார் என வழக்குத் தொடரப்பட்டது. மறு ஆண்டு யூரிகள் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். விளையாட்டு வீரரைத் தெய்வமாக்கிப் பிள்ளைகளின் அறைச்சுவரில் மாட்டுவது எமது நோக்கமன்று. தொழிலில் ஒருவர் காட்டிய உறுதியை மெச்சும்போது அவரது வாழ்வு முழுவதற்கும் நாம் சான்றிதழ் வழங்குவதில்லை.

2001 இற் கனடிய ஆட்டத்தின் புகழ்மண்டபத்திலும், 2006 இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்டபத்தில் இடம்பெற்ற முதற் கறுப்பின குவாற்றர்பாக் அவரே. ஆட்டக்காரர் என்ற முறையில் இரு மண்டபங்களிலும் இடம்பெற்ற முதலாமவரும் அவரே. அவ்விழாவிற் பேசியபோது, கறுப்பின குவாற்றர்பாக் என்றன்றி, வெறுமனே குவாற்றர்பாக் என்றே தான் மதிப்பிடப்பட விரும்பியதாக அவர் கூறினார்.

ஒலிவாங்கியின் முன்

ஓய்வின் பின் அவர் வானொலிக்கு வந்தார். 2004 முதல் 2017 வரை சியாற்றில் சீஹோக்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு வானொலி வர்ணனையாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். அருகிலிருந்து நேர்முக வர்ணனை செய்தவர் ஸ்ரீவ் றேபிள். அவரும் அதே அணியின் முன்னாள் ஆட்டக்காரர்.

வானொலி வர்ணனையின் அருமையை எமது தலைமுறை நன்கறியும். துடுப்பாட்டப் போட்டிகளை இலங்கை வானொலியிற் கேட்டே மைதானத்தை மனக்கண்ணில் அமைத்துக்கொண்டவர்கள் நாம். அமெரிக்க வானொலியில் இப்பணி இருவரிடையே பகிரப்படுகின்றது. ஒருவர் என்ன நடந்தது என்று சொல்வார். மற்றவர் அது ஏன் நடந்தது என்று விளக்குவார். எதிரணி எவ்வாறு நின்றது, குவாற்றர்பாக் எதைக் கண்டார், எதைக் காணத் தவறினார், வேறென்ன செய்திருக்கலாம் என்பவற்றை அடுத்த ஆட்டம் தொடங்குமுன் சில நொடிகளுக்குள் கேட்போருக்கு விளங்கவைத்தல் வேண்டும். அது அறிவின் பணி. 'இவர்களால் ஆட்டத்தைச் சிந்திக்க முடியாது' என்று ஒதுக்கப்பட்டவர், பதினான்கு ஆண்டுகளாக ஆட்டத்தின் சிந்தனையை ஒரு நகரம் முழுவதற்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பாடம் சொல்லிக் கொடுப்பதைப் போன்ற வேலை அது. விடயத்தைத் தெளிவாக அறியாதவரால் அதனைச் சுருக்கமாகச் சொல்லவியலாது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

2014 பெப்ரவரி 2 ஆந் திகதி நியூ ஜேர்சியில் நடைபெற்ற சூப்பர் போலில் சியாற்றில் அணி டென்வர் அணியை 43 இற்கு 8 என வென்றது. வெற்றி பெற்ற குவாற்றர்பாக் றசல் வில்சன், கறுப்பினத்தவர். அவருக்கு முன் சூப்பர் போலை வென்ற கறுப்பின குவாற்றர்பாக் ஒருவர் மட்டுமே. 1978 இல் அந்தச் சிறு நீக்கலினூடே நுழைந்த அதே டக் வில்லியம்ஸ், 1988 இல். தான் ஒருபோதும் மிதிக்காத அம்மேடையில் வில்சன் வென்றதை வானொலியில் விளக்கியவர் வொரன் மூன்.

அவரது வானொலிப் பணியும் இனிதே முடியவில்லை. 2017 டிசெம்பரில் அவரிடம் பணியாற்றிய பெண்ணொருவர் பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுடன் குடியியல் வழக்குத் தொடுத்தார். விடுப்புக் கோரிய அவர் மீண்டும் அவ்விருக்கைக்குத் திரும்பவில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

இக்கதையைக் கூறி, 'கனடா எவ்வளவு பெருந்தன்மையான நாடு!' என்று முடிப்பது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. 1914 இல் இந்தியரைச் சுமந்து வந்த கொமகாத்தா மாரு கப்பலை வன்கூவரிலிருந்து திருப்பி அனுப்பியதும் இந்நாடுதான். குடிவரவுத் தெரிவில் இன, நிற வேறுபாட்டை நீக்கிப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது 1967 இலேதான். எட்மன்ரன் அணி மூனை அழைத்தது இரக்கத்தினாலன்று. நல்ல குவாற்றர்பாக் ஒருவர் தேவைப்பட்டார், ஒருவர் கிடைத்தார், நிறத்தைப் பார்த்துத் தனக்கே நட்டம் விளைவிக்கும் மடமையை அவ்வணி செய்யவில்லை. அவ்வளவே. ஆனால் அந்த 'அவ்வளவே' ஒரு மனிதரின் வாழ்வை மாற்றப் போதுமானதாயிற்று.

எம்மிடையே பொறியியலாளராக இருந்தவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கின்றார். கணக்காளராக இருந்தவர் உணவகத்தின் பின்னறையிற் பாத்திரம் கழுவுகின்றார். வேலை தேடிச் சென்ற இடமெல்லாம் அவர்கள் கேட்ட சொல் ஒன்று: 'கனடிய அனுபவம் உண்டா?' கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கோருவது மேலோட்டப் பார்வையிலேயே பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இற் கொள்கை வெளியிட்டது. அதற்கு முன் எத்தனை பேரின் பட்டங்கள் பெட்டிக்குள்ளேயே மங்கிப்போயின! வொரன் மூனுக்கோ கனடிய அனுபவமே அமெரிக்காவின் கதவைத் திறந்த திறவுகோலாயிற்று. அனுபவம் கேட்கும் நாடு அதனைப் பெறும் வாய்ப்பையும் கொடுத்தல் வேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

கிடைத்த வேலையைச் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த எம் பெற்றோர் எவரும் இடம் மாறியமைக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மூன் இருபத்தொரு வயதில், தனியாளாக, மறுக்கும் வசதியுடன் இருந்தார். நான்கு வாய்களுக்கு உணவு தேடும் தகப்பனுக்கு அவ்வசதி இல்லை. மாறியவர்களின் முதுகின் மேலேதான் அடுத்த தலைமுறை நிமிர்ந்து நிற்கின்றது.

அந்தத் தலைமுறைக்கே இக்கதையை முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றோம். 'உனக்கு இந்தப் பாடம் சரிவராது. கைத்தொழிற் பக்கம் போ' என்று பாடசாலையில் எவரேனும் கூறினால், அது உன் திறமையை அளந்து சொன்ன வார்த்தையா, உன் பெயரையும் நிறத்தையும் பார்த்துச் சொன்ன வார்த்தையா என்று முதலிற் கேள். கைத்தொழில் இழிவன்று, விரும்பித் தேர்ந்தால் அது பெருமையே. ஆனால் பிறர் உனக்கென ஒதுக்கிய இடமாக அது இருத்தலாகாது. பெற்றோரும் அத்தகைய வார்த்தையை இறுதித் தீர்ப்பாக ஏற்றுத் தலையசைத்துவிட்டு வீடு திரும்புதல் கூடாது. பாடசாலைக்குச் சென்று காரணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு; ஆங்கிலம் தடையானால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம்.

மூன் கேட்டது சலுகையன்று. தான் நன்கறிந்த வேலையைச் செய்து காட்டுவதற்கு ஓரிடம் கேட்டார். எல்லை கடந்து வந்த எவரும் எந்நாட்டிடமும் கேட்பது அதுவே. அவ்விடம் கிடைத்தவர்கள் என்ன செய்யக்கூடும் என்பதை ஏரிக்கரையிலிருந்த அம்மைதானம் ஒரு மழை நாளிற் கண்டது. கிடைக்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை எந்தப் புகழ்மண்டபமும் எழுதி வைக்கவில்லை.